ரெண்டு நாள்ல சொல்றேன் மேடம்



துறையூரிலிருந்து திருச்சிக்குக் குடிவந்துவிட்டோம் என்று போன மாதம் பால் காய்ச்சிய படம் போட்டேன். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. வாழ்த்துச் சொன்ன கையோடு பலரும் கேட்பது, "புரோக்கர் மூலமா வாங்கினீங்களா டீச்சர்? எப்படி முடிச்சீங்க?" என்பதுதான். என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தவர்களில் பாதிப் பேர் இப்போது வீடு தேடும் வயதில் இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டை எப்படிப் பார்ப்பது என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாசல் எந்தப் பக்கம், போர் தண்ணீர் உப்பா, மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று எல்லாம் சொல்லித் தருவார்கள். ஆனால் வீடு பிடித்து, நம் விலையையும் சொல்லிவிட்டு வந்த பிறகு, பதில் வருகிற வரைக்கும் என்ன செய்வது? எங்களுக்கு அந்தக் காத்திருப்பு ஐந்து வாரம் நீடித்தது. அந்த ஐந்து வாரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் நிலைமை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஆபரேஷன் ஆனது உங்களில் பலருக்குத் தெரியும். மாதம் ஒரு முறை தில்லைநகரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். துறையூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகலில் பரவாயில்லை. ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சு படபடக்கிறது என்றார். பக்கத்து வீட்டுப் பையன் காரை எடுத்தான். நம்பர் 1 டோல்கேட்டைத் தாண்டிக் காவிரிப் பாலம் ஏறுகிறவரைக்கும் நான் அவர் கையை விடவில்லை. வாயுத் தொல்லைதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம், இனி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று.

துறையூர் வீட்டுக்கு ஆள் கிடைத்து, அட்வான்ஸும் வாங்கியாயிற்று. ஐப்பசி முடிவதற்குள் சாவியைக் கொடுப்பதாகப் பேச்சு. இந்தப் பக்கம் வீடு அமையாவிட்டால், இந்த வயதில் சாமான்களோடு வாடகை வீடு தேடி அலைய வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான், ஆனி மாதக் கடைசியில், உறையூரில் ஒரு வீடு வந்தது. 1,100 சதுர அடி மனை. பழைய வீடு, ஆனால் கட்டுக்கோப்பாக இருந்தது. தரைத்தளம் மட்டும்தான், படி ஏற வேண்டாம். ஆட்டோ ஏறினால் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. 58 லட்சம் சொன்னார்கள். எங்கள் கையிருப்பைக் கூட்டிப் பார்த்து 52 லட்சம் கேட்டோம். வீட்டைக் காட்டிய புரோக்கர் தம்பிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கும் பைக்தான் அவர் ஆபீஸ். கமிஷன் ஒரு சதவீதம் என்று பேசிக்கொண்டோம்.

"ரெண்டு நாள்ல சொல்றேன் மேடம்" என்றார்.

இரண்டு நாள் போய் நான்கு ஆனது. நான் போன் செய்தேன். "என்ன ஆச்சு தம்பி?" "பேசிக்கிட்டே இருக்கேன் மேடம்." மறுபடி மூன்று நாள் கழித்து, "என்ன ஆச்சு தம்பி?" "அண்ணன் வெளியூர் போயிருக்காரு மேடம், வந்ததும் முடிச்சிடலாம்." நடுவில் ஒரு தடவை, "சார் இருந்தா குடுங்களேன், நான் அவர்கிட்ட விளக்கமா சொல்லிடறேன்" என்றார். வீட்டுக்காரருக்குக் காது மந்தம், போன் பேச முடியாது. "என்கிட்டயே விளக்கமா சொல்லுங்க தம்பி" என்றேன். விளக்கம் எதுவும் வரவில்லை. பத்தாவது நாள் ஆடி பிறந்துவிட்டது. "ஆடியில யாரும் அட்வான்ஸ் வாங்க மாட்டாங்க மேடம், ஆவணி பிறக்கட்டும்."

ஆவணி போனால் புரட்டாசி. அதிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். பிறகு ஐப்பசி, அத்தோடு எங்கள் கெடு முடிந்துவிடும். நாள்காட்டியை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். எந்தப் பக்கம் போட்டாலும் விடை சரியாக வரவில்லை.

அப்போது எனக்குப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு வரும் பத்தில் எட்டுப் பேர், "என் பையன் எப்படிப் படிக்கிறான் டீச்சர்?" என்று கேட்பார்கள். "நல்லா படிக்கிறான், இன்னும் கொஞ்சம் கவனம் வேணும்" என்று யாரும் பதில் சொல்லிவிடலாம். அந்தப் பையன் யாரென்று தெரியாமலேயே சொல்லிவிடலாம். ஆனால் ஒரு அம்மா வந்து, "காலாண்டுல கணக்குல எவ்வளவு டீச்சர்? வடிவியல் கேள்வியை எழுதினானா, விட்டுட்டானா?" என்று கேட்டால் நான் பேரேட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

"என்ன ஆச்சு?" என்ற கேள்விக்கு "பேசிட்டிருக்கேன்" என்பது முழுப் பதில். அதில் புரோக்கர் மேல் தப்புச் சொல்ல எதுவும் இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினேன். கிட்டத்தட்ட இப்படி: "தம்பி, உறையூர் வீட்டுக்கு நாங்கள் கேட்டது 52 லட்சம். இந்த விலையை வீட்டுக்காரர்களிடம் எந்தத் தேதியில் சொன்னீர்கள், அவர்கள் சொன்ன எண் என்ன என்று எழுதி அனுப்புங்கள். மூலப்பத்திரம், பட்டா, கடைசியாகக் கட்டிய சொத்துவரி ரசீது, இந்த மூன்றின் நகலும் வேண்டும். எங்கள் விலை ஆடிப்பெருக்கு வரைக்கும் செல்லும். அதற்குள் பதில் இல்லையென்றால் வேறு வீடு பார்க்கப் போகிறோம். உங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லை."

ஒரு எண், ஒரு தேதி, ஒரு காகிதம். இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டால் பதில் வரும், அல்லது ஏன் வரவில்லை என்பதாவது தெரியும்.

மறுநாள் காலையிலேயே எண் வந்துவிட்டது. 56 கேட்கிறார்களாம். பத்து நாளாக வராத எண்! கூடவே, "இன்னொரு பார்ட்டி 55க்கு ரெடியா இருக்காங்க மேடம், முழு ரொக்கம்" என்றும் எழுதியிருந்தார். வீட்டுக்காரர் பதறிப்போய், "நாமும் 55 சொல்லிடலாமா?" என்றார். நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "அவங்க டோக்கன் கொடுத்துட்டாங்களா தம்பி? கொடுத்திருந்தா சொல்லிடுங்க, நாங்க ஒதுங்கிக்கிறோம்." பதில் இல்லை. அதற்குப் பிறகு அந்த இன்னொரு பார்ட்டியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. நாங்களும் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை.

பத்திரத்தின் நகல் வந்தது. அதைப் படித்தபோதுதான் விஷயம் இருக்கும் இடம் தெரிந்தது. பத்திரம் அண்ணன் தம்பி பேரில் இல்லை, அவர்கள் அப்பா பேரில் இருந்தது. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. உயில் எதுவும் எழுதவில்லையாம். "அப்படின்னா வாரிசுச் சான்றிதழ் வேணுமே தம்பி" என்று எழுதினேன்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. வில்லங்கச் சான்றிதழ் எடுத்துவிட்டோம், எல்லாம் சுத்தம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதில் பதிவான பத்திரங்கள்தான் ஏறும். ஒருவர் இறந்ததும், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் அதில் ஏறாது. அதற்குத் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும்.

வாரிசுச் சான்றிதழ் கேட்ட நாளிலிருந்து புரோக்கர் தம்பியிடமிருந்து சத்தமே இல்லை. ஆடிப்பெருக்கும் வந்தது. துறையூரில் இருந்தபடியே காவிரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாயங்காலம் எழுதினேன்: "நாங்கள் சொன்ன நாள் முடிந்தது தம்பி. நாளை கருமண்டபத்தில் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். வாரிசுச் சான்றிதழ் கிடைத்தால் மறுபடி பேசலாம்." சொன்னபடியே மறுநாள் போய்ப் பார்த்தோம். அது மாடி வீடு, சரிப்படவில்லை. ஆனாலும் போனோம். கெடு வைத்துவிட்டு அதை நாமே மதிக்கவில்லையென்றால், அடுத்த கெடுவை யார் மதிப்பார்கள்?

இரண்டு நாள் கழித்து டாக்டரைப் பார்க்கத் தில்லைநகர் வந்திருந்தோம். ஆஸ்பத்திரி கேன்டீனுக்கே தம்பி வந்துவிட்டார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்.

"மூணாவதா ஒரு அக்கா இருக்காங்க மேடம். பொள்ளாச்சியில கட்டிக் கொடுத்திருக்காங்க. அவங்ககிட்ட முதல்ல ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு, அப்புறம் விக்கலாம்னு அண்ணனுங்க நினைக்கறாங்க. அதுக்குத்தான் நாள் தள்ளுது. கையெழுத்துப் போட்டுருவாங்க. கல்யாணத்துக்கு நகையெல்லாம் நல்லா செஞ்சிருக்காங்களாம்."

"அந்த அம்மாவுக்கு நாங்க கேட்ட விலை தெரியுமா?"

"அவங்களுக்கு எதுக்கு மேடம் விலை?"

ஐந்து வாரமாக "அண்ணன் ஊர்ல இல்ல", "ஆடி", "இன்னொரு பார்ட்டி" என்று வந்த எல்லாப் பதிலுக்கும் பின்னால் இதுதான் இருந்திருக்கிறது. அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. பத்திரம் பதிவாகிற நாள் வரைக்கும் அவருக்கு ஒரு ரூபாய் வரும்படி கிடையாது. பெட்ரோலும் போன் செலவும் அவருடையது. இரண்டு வீட்டுக்கு நடுவில் சேதி சுமக்கிறவர், கெட்ட சேதியைக் கொண்டுவந்தால் கூலி போய்விடும். அதனால் சேதியைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். பதில் வராவிட்டால் நம்மை மதிக்கவில்லை என்று நினைத்துக் கோபப்படுகிறோம். சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், அது என்ன என்று தேடத் தோன்றும்.

இனி நான் சொல்லப்போவதை என் உறவினர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

1994இல் எங்கள் அப்பா வீட்டுக்கு நானும் கையெழுத்துப் போட்டவள். மத்தியானம் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, கடைசிப் பீரியடுக்குத் திரும்பி வந்துவிட்டேன். மனசார விட்டுக் கொடுத்தேன். அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை. என் அண்ணன்மார் எனக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை, இதைப் படிக்கும்போதும் அவர்களுக்கு அது தெரியும். ஆனால் அன்றைக்கு வீடு என்ன விலை போகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கணக்கு டீச்சருக்கு மட்டும் எண்ணைச் சொல்லவில்லை. நான் எவ்வளவு விட்டுக் கொடுத்தேன் என்பது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதனால் கேன்டீனில் அந்தத் தம்பியிடம் சொன்னேன். "பத்திரத்துல விக்கிறவங்களா மூணு பேரும் இருக்கணும். பணமும் மூணு பேர் கணக்குக்கும் தனித்தனியாத்தான் போகும். அதுக்கு அப்புறம் அவங்க அண்ணனுக்கே கொடுத்தாலும் சரி, கோயிலுக்குப் போட்டாலும் சரி, அது அவங்க இஷ்டம். எங்க விலையை அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

இதில் சட்டமும் என் பக்கம்தான் இருந்தது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அந்த மகள் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், பின்னால் அவர் பாகம் கேட்டு வழக்குப் போடலாம். போனால் அவர்கள் பணம் போகாது, எங்கள் வீடுதான் போகும். எங்கள் வக்கீலும் இதையேதான் சொன்னார். இவரோடு கோர்ட்டுக்கு அலையவா நான் துறையூரை விட்டு வருகிறேன்?

நான்கு நாள் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து போன். "நீங்கதான் எங்க வீட்டைக் கேக்கற டீச்சருங்களா?" பொள்ளாச்சிப் பேச்சு, பதமான குரல். பத்து நிமிடம் பேசினோம். அண்ணன் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "விலை என்னன்னு நேத்துத்தானுங்க தெரியும்" என்று மட்டும் சொன்னார். பிறகு தெளிவாகக் கேட்டார். "52 கம்மிங்க. 56ம் உங்களுக்குக் கஷ்டம்னு தம்பி சொன்னாருங்க. 54க்கு முடிச்சுக்கலாமுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். 54 மூன்றால் மீதியில்லாமல் வகுபடும். ஆளுக்குப் 18 லட்சம். "சரிம்மா" என்றேன். வைப்பதற்கு முன்னால், கொல்லையில் இருக்கும் அம்மாவின் ஆட்டுக்கல்லை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அது உங்களுடையது, என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன்.

எங்கள் கையிருப்பைவிட இரண்டு லட்சம் கூடுதல். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை சரியில்லை. "ஊர்ல இருக்கறவங்க பங்குக்கெல்லாம் நாமதான் காசு கொடுக்கணுமா?" என்று இவர் கேட்டார். அந்த இரண்டு லட்சம் அந்த அம்மாவுக்கு மட்டும் போகவில்லை, மூவருக்கும்தான் போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கடைசியில் என் வளையல் இரண்டை விற்றோம். அலமாரியில் கிடந்தவைதான்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஒப்பந்தம் எழுதினோம். உங்களுக்காகச் சில விவரங்கள்:

அட்வான்ஸை செக்காகக் கொடுத்தோம். வீடு, மனைக்கு முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. யாராவது "ரொக்கமா குடுங்க, சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றால் மாட்டேன் என்று சொல்லுங்கள். நம் மாநிலத்தில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. இரண்டும் சேர்ந்து 9. எங்களுக்கு 4,86,000 ரூபாய் ஆனது. அரசின் வழிகாட்டி மதிப்பு நாம் பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால், அந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும். விலை கேட்பதற்கு முன்னாலேயே இந்தத் தொகையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவர் பணத்தில் 1 சதவீதம் வரியைப் பிடித்து நாம்தான் கட்ட வேண்டும். வாங்குகிற நாங்கள் 2 பேர், விற்கிறவர்கள் 3 பேர். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு படிவம், ஆக 6 படிவம். இதற்காகவே முன்கூட்டியே எல்லோருடைய பான் கார்டு நகலையும் கேட்டு வாங்குங்கள்.

ஆவணிக் கடைசியில் கிரயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோவுக்கும் கைரேகைக்கும் மூன்று பேரும் வரிசையில் நின்றார்கள். அண்ணன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். பேர் கூப்பிட நேரமாகவே, தங்கைக்கு அவரே போய் டீ வாங்கி வந்து கொடுத்தார். அவர்களுக்குள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. புரோக்கர் தம்பிக்கு அன்றே, அங்கேயே, பேசியபடி 54,000 கொடுத்தோம். அதைத் தள்ளிப் போடாதீர்கள். அவர் இரண்டரை மாதம் ஓடிய ஓட்டத்துக்கு அதுதான் சம்பளம். இப்போதும் அந்தப் பக்கம் போனால் "எப்படி இருக்கீங்க டீச்சர்" என்று பைக்கை நிறுத்துகிறார். மேடம் போய் டீச்சர் ஆகிவிட்டேன்.

வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விலையைச் சொன்ன அன்றே அதை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். எத்தனை நாள் வரைக்கும் அந்த விலை செல்லும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தினமும் போன் செய்ய வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறை போதும், ஒவ்வொரு முறையும் கையில் ஒரு கேள்வி இருக்கட்டும். காத்திருக்கும்போதே அடுத்த வீட்டையும் பாருங்கள். எந்தக் காகிதத்தைக் கேட்டதும் பேச்சு நிற்கிறதோ, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

வீடு விற்கப் போகிறவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒன்றே ஒன்று. அக்காவிடமோ தங்கையிடமோ கையெழுத்துக் கேட்கப் போகும்போது, விலையையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். விட்டுக் கொடுப்பதும் வாங்கிக்கொள்வதும் அவர்கள் பாடு. ஆனால் எவ்வளவு என்று தெரிந்து செய்யட்டும்.

திருச்சிப் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். உறையூரில் இறங்கி ஒரு போன் போடுங்கள், வழி சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கதைகளையும் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன்!

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்